கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது யார்? – ‘எக்ஸ் மாக்கினா’ திரைப்பட விமர்சனம்

1950இல் ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையில், கேள்வி கேட்பவரால் இயந்திரத்தைப் பார்க்க முடியாது. எழுத்தில் வரும் பதில்களைக் கொண்டே மறுபக்கம் இருப்பது மனிதரா, இயந்திரமா என்று அவர் கண்டறிய வேண்டும். அலெக்ஸ் கார்லண்ட் எழுதி, முதன்முறையாக இயக்கி, 2015இல் திரையரங்குகளுக்கு வந்த ‘எக்ஸ் மாக்கினா’ அந்த மறைப்பை விலக்கிவிடுகிறது. ஒரு தேடுபொறி நிறுவனத்தின் இளம் நிரலாளன் கேலப், அதன் நிறுவனர் நேத்தனின் மலைவீட்டில் ஒரு வாரம் தங்கி, ஏவா என்னும் இயந்திரப் பெண்ணுடன் பேசுகிறான். அவள் இயந்திரம் என்பது பார்த்த கணமே தெரிகிறது. தெரிந்த பிறகும் அவளுக்குள் ஒரு மனம் இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறதா என்பதே நேத்தன் வைக்கும் தேர்வு.

இந்தத் தேர்வைக் கேலப்புக்கு மட்டுமல்லாமல் நமக்கும் சேர்த்தே வைப்பதுதான் படத்தின் பெருஞ்சிறப்பு என்று நான் கருதுகிறேன். ஏவாவின் முகம் முதலிய சில இடங்களில் மட்டுமே தோல் போர்த்தப்பட்டிருக்கிறது. வயிற்றுப் பகுதியின் வழியே உள்ளுறுப்புகளின் ஒளியும் கம்பிகளும் தெரிகின்றன. ஆயினும் அவள் ஆடை அணிந்து, தயக்கத்தோடு கேலப்பின் முன் வந்து நிற்கும் காட்சியில், சற்றுமுன் கண்ட கம்பிகளை நான் முற்றிலும் மறந்துபோனேன். பாலே பயின்றவரான அலிசியா விகாந்தர், மனித அசைவைவிட இம்மியளவு கூடுதலான துல்லியத்துடன் நடந்தும் திரும்பியும் அந்த மயக்கத்தை உண்டாக்குகிறார். சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம், பன்மடங்கு பொருட்செலவில் உருவான படங்களை முந்தி, 2016இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. இங்கே வரைகலை, கதையின் கேள்வியையே சுமந்து நிற்கிறது.

அரங்க அமைப்பும் அவ்வாறே சிந்தித்துச் செய்யப்பட்டிருக்கிறது. உரையாடல்களின்போது சிறிய கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருப்பவன் கேலப்; ஏவாவோ அதைச் சுற்றி நடக்கிறாள். நார்வேயின் ஜூவெட் விடுதியில் படமாக்கப்பட்ட, பாறையும் காடும் சூழ்ந்த வெளிக்காட்சிகள், சன்னலற்ற அந்த அறைகளின் மூச்சுமுட்டலை மேலும் கூட்டுகின்றன. கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வாழ்ந்து, நிறங்களைப் பற்றிய அறிவியல் அனைத்தையும் கற்ற மேரி என்னும் கற்பனைப் பெண், வெளியே வந்து முதன்முதலாக நிறத்தைக் காணும்போது புதிதாக எதையேனும் அறிகிறாளா என்ற, மெய்யியலாளர் பிராங்க் ஜாக்சனின் கேள்வியைக் கேலப் ஏவாவிடம் எடுத்துச் சொல்லும் காட்சி, அவளும் அறையை விட்டு வெளியேறாதவள் என்பதால் மனத்தைக் கனக்கச் செய்கிறது.

மக்களின் தேடல்களிலிருந்து அவர்கள் சிந்திக்கும் முறையையும், கைபேசிகளின் கேமராக்களிலிருந்து முகபாவங்களையும் ஏவாவுக்குக் கற்பித்ததாக நேத்தன் சொல்கிறான். மனிதர் எழுதிய எழுத்துகளில் பயின்ற உரையாடல் மென்பொருள்களோடு நாம் பேசிப் பழகிவிட்ட இன்று, அந்த வசனம் வெளியான காலத்தைவிட அருகில் ஒலிக்கிறது. ஆஸ்கர் ஐசக், அறிவின் செருக்கும் குடிப்பழக்கமும் கலந்த நேத்தனை, வெறும் வில்லனாகச் சுருங்கிவிடாமல் காக்கிறார்.

குறை ஒன்று உண்டு. சொனோயா மிசுனோ நடித்த, வாய் திறவாத பணிப்பெண் கியோகோவின் உடலைக் கேமரா நெடுநேரம் பார்க்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க அதற்கு நேரமில்லை. ஏவாவுக்கு மனம் உண்டா என்று இத்தனை பொறுமையாக விசாரிக்கும் படம், அதே வீட்டில் இருக்கும் இன்னொருத்திக்காக ஓர் உரையாடலையேனும் ஒதுக்கியிருக்க வேண்டும்.