நடைப்பயணக் குழுவிடம் பணம் கட்டும் முன் வன அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

கோவையிலிருந்து வார இறுதிகளில் மலைப்பகுதிகளுக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்லும் குழுக்கள் இப்போது பல இயங்குகின்றன. அவற்றில் ஒன்று, கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலைக்கு ஒரு நாள் பயணம் என்று வாட்ஸப்பில் அறிவித்து, ஆளுக்கு 1,800 ரூபாய் வாங்கியது. வன அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, விபத்துக் காப்பீடு, முதலுதவி, இரண்டு வேளை உணவு எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். கிடைத்தது உணவு மட்டுமே. அனுமதி எந்தத் தேதிக்கு, யார் பெயரில் என்று நான் முன்கூட்டியே கேட்டபோது, "பெர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சுங்க சார், நீங்க வந்தாப் போதும்" என்பதே பதிலாக இருந்தது.

லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ள காப்புக் காடு. நீலகிரி சிரிப்பான், நீலகிரி காட்டுப்புறா ஆகிய பறவைகள் வாழும் இந்தச் சோலை 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்கும் ஆவலில்தான் எங்களில் பலர் பணம் கட்டினோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலரும், பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பமும் அதில் இருந்தார்கள்.

குஞ்சப்பனை சோதனைச்சாவடியிலேயே முதல் சிக்கல் வந்தது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அங்கே தடை உள்ளது என்பதும் மலைக்கு ஆள் கூட்டிச் செல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் இ-பாஸ் எடுக்காமலும், பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில்களோடும் வந்திருந்தார்கள். பாட்டில்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பாஸ் எடுத்து முடிப்பதற்குள் காலைப்பொழுது பாதி போய்விட்டது.

சோலையின் வாயிலில் வனக் காவலர் அனுமதிச் சீட்டைக் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் தம் கைப்பேசியில் காட்டியது வேறொரு மலைப்பாதைக்கு, வேறு யாரோ சிலர் பெயரில், எப்போதோ எடுத்த பதிவின் படம். காவலர் எங்களிடம் மரியாதையாகவே பேசினார். ஆனால் உள்ளே விடவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நுழைந்திருந்தால் ஒருங்கிணைப்பாளரோடு நாங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அத்தோடு திரும்பியிருந்தால் பண இழப்போடு போயிருக்கும். ஏமாற்றம் தெரியக்கூடாது என்றோ என்னவோ, அருகிலிருந்த தனியார் தேயிலைத் தோட்டத்துக்குள் எங்களை நடத்திச் சென்றார்கள். அதற்கும் யாரிடமும் கேட்கவில்லை. வழிகாட்டி என்று வந்த இளைஞர் கோவைக்காரர். வழி தெரியாமல் இரண்டு இடங்களில் கூகுள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோத்தகிரியில் தேயிலைப் புதர்களுக்கு நடுவே காட்டெருமைகள் பகலிலும் நிற்கும் என்பது அந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தோட்டக் காவலாளி ஓடி வந்து தடுத்தபோதுதான் கீழ்ச்சரிவில் ஒரு கூட்டம் மேய்வதையே நாங்கள் பார்த்தோம். அந்நேரம் கணுக்கால் பிசகிய ஆசிரியை ஒருவர் வெகு தூரம் பின்தங்கித் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளோடு நடந்து வர யாரையும் நியமிக்கவில்லை. முதலுதவிப் பெட்டி வண்டியிலும் இல்லை. காவலாளியும் அவர் மனைவியும்தான் அந்த அம்மாவைச் சாலைவரை தாங்கிக் கொண்டுவந்தார்கள்.

இதைச் சிறிய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். அனுமதி இல்லாத பாதைகளில் ஆட்களைக் கூட்டிச் செல்வது குறித்த கேள்விகள் அதன் பிறகே உரக்க எழுந்தன. மலையேற்றத்துக்கு அரசு விதிகளும் வந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் "வாங்கியாச்சு" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி மக்கள் மலையேறும் நிலை இருப்பது வேதனையாக இருக்கிறது.

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகளுக்கு நாமே நேரடியாகப் பதிவு செய்யலாம்; லாங்வுட் சோலையும் அதில் உண்டு. காடறிந்த உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகள் மூடப்படும் என்பதால் தேதியையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. குழுவோடு செல்வதாக இருந்தால் உங்கள் பெயர் இடம்பெற்ற அனுமதிச் சீட்டையும், காப்பீட்டுப் பத்திர எண்ணையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். உங்கள் பெயர், வயது, அடையாள அட்டை எதையும் கேட்காமல் உங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டதாக ஒருவர் சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அதான் டீ எஸ்டேட் சுத்திக் காட்டினோமேங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். காப்பீட்டு எண்ணைக் கேட்டதும் என்னை வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்; அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஒரே பாதிப்புக்கு உள்ளானவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே வழக்குத் தொடரலாம் என்பதால், அன்று உடன் வந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் அறிவிப்பையும் அழிக்காமல் வைத்திருந்து என்னைத் தொடர்புகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.