‘டைரக்ட் ஆக்ஸ்’ என்று சொல்லி எஃப்எம் பெட்டியை மாட்டிவிடுகிறார்கள், ஜாக்கிரதை

பழைய காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றாமல், அதிலேயே ஐபாடோ வேறு எம்பி3 பிளேயரோ இணைத்துப் பாட்டுக் கேட்க நினைக்கிறவர்களுக்கான எச்சரிக்கை இது. சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில், ‘டைரக்ட் ஆக்ஸ் லைன்’, அதாவது பிளேயரின் ஒலியை ஒயர் வழியாக நேராக ஸ்டீரியோவுக்குள் கொடுக்கும் இணைப்பு, போட்டுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 6,800 ரூபாய் வாங்கினார்கள். டேஷ்போர்டுக்குள் மாட்டியது ஆக்ஸ் இல்லை, எஃப்எம் மாடுலேட்டர். பாட்டை எஃப்எம் அலையாக மாற்றி, ஆன்டெனா கேபிள் வழியாக ரேடியோவுக்கு அனுப்புகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சின்னப் பெட்டி. அதை மாட்டுவதற்காக ஆன்டெனா கேபிளையும் ஸ்டீரியோவின் கரன்ட் ஒயரையும் வெட்டியிருந்தார்கள்.

வண்டி 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்டீரியோவில் ரேடியோவும் சிடியும் உண்டு. யூஎஸ்பி, புளூடூத், ஆக்ஸ் துளை எதுவும் கிடையாது. பிளேயர் ஒரு 160 ஜிபி ஐபாட் கிளாசிக். ஆப்பிள் அந்த மாடலை 2014-லேயே நிறுத்திவிட்டது, 2022-இல் ஐபாட் வரிசையையே மூடிவிட்டது. ஆனால் அப்பாவின் கேசட்டுகளில் இருந்து மாற்றிய பாட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ‘போனிலேயே கேட்கலாமே’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கேட்கலாம். எனக்கு இதுதான் வேண்டும்.

‘புது ஆண்ட்ராய்டு செட் போட்டுடலாமே சார்’ என்றுதான் கடைக்காரரும் ஆரம்பித்தார். டேஷ்போர்டின் வடிவத்தோடு சேர்ந்து வந்த ஸ்டீரியோ, அதை எடுக்க மனமில்லை என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. ‘அப்போ டைரக்ட் ஆக்ஸ் போட்டுத் தரேன். ஐபாட்ல இருந்து நேரா செட்டுக்குப் போகும். ஒரிஜினல் சவுண்டு’ என்றார். பாட்டும் கேட்கலாம், சார்ஜும் ஏறும், ஒயர் எதுவும் வெளியே தெரியாது. பொருளும் ஃபிட்டிங்கும் சேர்த்து 6,800.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்று எங்கே நடந்தது என்பது புரியாது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கார் ஸ்டீரியோக்கள் பலவற்றின் பின்னால், டிக்கியில் வைக்கும் ஆறு தட்டு சிடி சேஞ்சருக்காக ஒரு சாக்கெட் இருக்கும். ஐஎஸ்ஓ அளவில் வரும் செட்டுகளில் அது நீல நிறத் துண்டு, 8 பின். வெளியே இருந்து வரும் ஒலி நேராக உள்ளே நுழைய இருக்கிற வாசல் அதுதான். ஆனால் அந்தப் பின்களில் வெறும் ஆடியோ ஒயரைச் செருகினால் ஒன்றும் கேட்காது. ‘சேஞ்சர் இருக்கிறது’ என்று டேட்டா லைன் வழியாகத் தகவல் வந்தால்தான் ஸ்டீரியோ அந்த வாசலைத் திறக்கும். அந்தத் தகவலைப் போலியாகக் கொடுப்பதற்கென்றே எமுலேட்டர் பெட்டிகள் விற்கிறார்கள். யாட்டூர் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு கார் வகைக்கும் தனித்தனிக் கேபிளோடு செய்கின்றன. நேரடி இணைப்பு என்றால் இந்த வகை செட்டுகளுக்கு அதுதான். கடைக்காரர் சொன்ன 6,800-க்குள் அது தாராளமாக அடங்கும் என்பதால் விலையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வேலை ஆரம்பித்ததுமே ஒரு தகராறு. இந்த ஸ்டீரியோவை வெளியே இழுக்க, பக்கத்துத் துளைகளில் செருகும் தட்டையான சாவிகள் உண்டு. பையன் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு நெம்பினான், ஓரத்தில் கீறல் விழுந்தது. அப்புறம் கரன்ட் கனெக்டரைப் பிடுங்கினான். திரும்பச் செருகியபோது திரையில் ‘சேஃப்’ என்று வந்து நின்றுவிட்டது. திருட்டுத் தடுப்புக்காக வைத்தது. கரன்ட் போய் வந்தால் நான்கு இலக்கக் கோடு கேட்கும். என்னைக் கூப்பிடாமல் அவர்களாகவே ஏதோ எண்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முறை தப்பாகப் போட்டால் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும், அதுவரை அதை ஆனிலேயே வைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கடைக்காரர் வந்து, ‘கோடு உடைக்க ஆள் இருக்கு சார், 1,500 ஆகும்’ என்றார். நல்லவேளை, முதல் ஓனர் கோடு அட்டையை மேனுவல் உறையிலேயே விட்டுவைத்திருந்தார். இல்லையென்றால் அங்கேயே இன்னொரு 1,500 போயிருக்கும். அட்டை தொலைந்தவர்களும் கடைக்காரரின் ஆளைத் தேட வேண்டாம். வண்டிப் புத்தகத்தைக் காட்டினால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செட்டின் சீரியல் எண்ணை வைத்துக் கோடு எடுக்க வழி இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஓட்டிக் காட்டினார்கள். ‘ஆறாம் நம்பர் பட்டனை அழுத்துங்க, ஆக்ஸ் வரும்.’ அழுத்தினேன், ஐபாட் பாடியது. திரையில் 88.3 என்று இருந்தது. ‘இது எஃப்எம் மாதிரி இருக்கே?’ என்றேன். ‘பழைய செட்டுல ஆக்ஸ்னு எழுத்து வராது சார். ஏதாவது நம்பர்தான் காட்டும்.’ முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இதையே சொல்கிறாரோ.

அந்த 88.3-ஐத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. சென்னையில் தனியார் எஃப்எம் நிலையங்கள் 91.1-இல் தொடங்குகின்றன. அதற்குச் சற்றுக் கீழே 90.4-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமூக வானொலி. 88 பக்கம் ஈயாடும். அதனால் கடை வாசலில் நின்று கேட்கும்போது குறுக்கீடு எதுவும் இருக்காது. பக்கத்தில் ஹார்ன் சத்தம் வேறு. காது எதையும் கண்டுபிடிக்காது.

வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. எஃப்எம் ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி போகாது. தாளக் கருவிகளின் ஓரம் மழுங்கிப்போயிருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம். வயலின் கொஞ்சம் உரக்க வந்தால் கரகரப்பு. அதே பாட்டை சிடியில் எழுதிப் போட்டுக் கேட்டேன், தெளிவாக இருந்தது. ஆகவே ஸ்பீக்கரில் குறை இல்லை, ஸ்டீரியோவிலும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ரேடியோ இழுப்பது குறைந்துவிட்டது. முன்பு செங்கல்பட்டு தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் இப்போது தாம்பரத்திலேயே இரையத் தொடங்கின.

போதாததற்கு, இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ‘ங்ய்ய்ய்’ சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். கடைக்கு போன் செய்தால், ‘ஆல்டர்னேட்டர் வீக் சார், கொண்டு வாங்க, நாய்ஸ் ஃபில்டர் போட்டுடலாம், 2,500’ என்றார். ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: பிளேயருக்குப் போகும் சார்ஜர் ஒயரை மட்டும் உருவிவிடுங்கள். சத்தம் நின்றால் அது எர்த் லூப். சார்ஜர் ஒரு இடத்தில் எர்த் எடுக்கிறது, ஆடியோ ஒயர் இன்னொரு இடத்தில் எடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் சின்னக் கரன்ட்தான் அந்த இரைச்சல். எர்த்தை ஒரே இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், அதுவும் சில நூறு ரூபாய்தான். இவர்கள் செய்த வேலையின் குறைக்கே ஃபில்டர் என்று தனியாகக் காசு கேட்டார்கள்.

கடைசியில் வண்டியே நின்றது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜம்ப் ஸ்டார்ட் செய்து நேராகப் புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். வண்டி பூட்டி அடங்கிய பிறகு பேட்டரியில் இருந்து போகிற கரன்ட் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 210. ஸ்டீரியோவை இழுத்தார், சாவிகளை வைத்து. உள்ளே பார்த்துவிட்டு, ‘யாரு பாய் இந்த வேலை பண்ணது?’ என்றார். கப்ளர் எதுவும் இல்லை. ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, மேலே கறுப்பு டேப். டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்திருந்தது. மாடுலேட்டருக்கும் சார்ஜருக்கும் கரன்ட்டை, சாவி போட்டால் மட்டும் வருகிற ஒயரில் எடுக்காமல், எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பேட்டரி ஒயரில் எடுத்திருந்தார்கள். அதனால் இரண்டும் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஆன்டெனா விஷயத்தையும் அவர்தான் காட்டினார். இந்த வண்டியின் கூரை ஆன்டெனாவுக்குள் ஒரு பூஸ்டர் இருக்கிறது. அதற்கான கரன்ட் தனி ஒயரில் வருவதில்லை, ஸ்டீரியோவில் இருந்து ஆன்டெனா கேபிள் வழியாகவே மேலே போகிறது. நடுவில் இந்தப் பெட்டியைச் செருகியதும் அந்தக் கரன்ட் நின்றுவிட்டது. செங்கல்பட்டு வரை கேட்ட ரேடியோ தாம்பரத்தில் திணறியது அதனால்தான். சேஞ்சருக்கான நீல சாக்கெட்டை அவர்கள் தொடக்கூட இல்லை, தூசியோடு அப்படியே இருந்தது.

பிரித்தெடுத்த பெட்டியோடு கடைக்குப் போனேன். முதலில், ‘இதுதான் சார் ஆக்ஸ்’ என்றார். பெட்டியின் மேல் அச்சாகியிருந்த எஃப்எம் மாடுலேட்டர் என்ற எழுத்தைக் காட்டினேன். ‘உங்க வண்டிக்கு இதுதான் செட் ஆகும்’ என்றார். பிறகு, வெளி ஆள் கை வைத்ததால் வாரன்டி போய்விட்டது என்றார். அதன் பிறகு சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற ஸ்டிக்கரைக் காட்டினார். பில் என்று அவர்கள் கொடுத்தது துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. ‘கார் ஆடியோ வேலை - 6,800’ என்று மட்டும் கையால் எழுதியிருந்தது. என்ன பொருள் என்று எங்கேயும் இல்லை.

இந்த ஸ்டிக்கருக்கும் துண்டுச் சீட்டுக்கும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. அப்படித் திரும்ப வாங்குவதற்குப் பில்லில் காலக்கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிவு செய்தேன். டேப் சுற்றிய ஒயர், பெட்டி, 88.3 காட்டும் திரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் கடையில் இருந்தே போன் வந்தது, குரலில் நிறைய மரியாதை. 3,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். மீதியை ‘ஃபிட்டிங் சார்ஜ்’ என்கிறார்கள். வெட்டியதற்குக் கூலி போல. அதை விடுவதாக இல்லை.

இப்போது வண்டியில் இருப்பது எமுலேட்டர் பெட்டி. இணையத்தில் வாங்கி, பாய் மாட்டினார். அவர் கூலியையும் சேர்த்து அந்தக் கடை வாங்கியதில் பாதிதான் ஆனது. ஒரு ஒயரையும் வெட்டவில்லை, எல்லாம் கப்ளரில் செருகியது. ஐபாடின் ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் 30 பின் சாக்கெட்டில் லைன் அவுட் கேபிள் போட்டிருக்கிறேன். அங்கே வரும் ஒலி எப்போதும் ஒரே அளவு, ஸ்டீரியோவில் மட்டும் வால்யூம் வைத்தால் போதும். ‘ஸ்ஸ்’ இல்லை, ‘ங்ய்ய்ய்’ இல்லை.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி: பிளேயர் பாடும்போது ஸ்டீரியோ எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எமுலேட்டர் என்றால் சிடி பட்டனை அழுத்தியதும் சேஞ்சருக்குப் போய் ‘சிடி 1’ என்றோ டிராக் எண்ணோ காட்டும். எஃப்எம் அலைவரிசை எண்ணைக் காட்டினால் உள்ளே இருப்பது மாடுலேட்டர், கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி. எஃப்எம்மே போதும் என்பவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் டிரான்ஸ்மிட்டரை வாங்கிவிடலாம், டேஷ்போர்டைப் பிரிக்கவே தேவையில்லை. கேசட் செட் உள்ள வண்டி என்றால் கேசட் அடாப்டரே இதைவிட நன்றாகப் பாடும்.

கடையின் பெயரைக் கேட்டுப் பலர் செய்தி அனுப்புகிறார்கள். மீதிப் பணத்துக்கான புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும் வரை போட மாட்டேன். அதே வரிசையில் ஒழுங்காக வேலை செய்கிற கடைகளும் இருக்கின்றன. வேலை தொடங்கும் முன்பே, என்ன பெட்டி, எந்த சாக்கெட்டில் மாட்டப்போகிறார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.