ஊதும் மிஷினுடன் இரண்டரை வருடம்

கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து திருச்சூருக்குக் காய்கறி கொண்டுபோகும் மூன்று பிக்கப் வண்டிகள் என்னிடம் ஓடுகின்றன. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால்தான் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். சாவியை வாங்கும் முன், குடித்திருக்கிறாரா என்று மூச்சை வைத்துக் காட்டும் மிஷினில் டிரைவர் ஊத வேண்டும். இரண்டரை வருடமாக இதுதான் வழக்கம்.

மிஷின் வாங்கக் காரணம் ஒரு விபத்து. ராத்திரி 8 மணிக்கு ஆரம்பித்து 11 மணி வரை குடித்த டிரைவர் ஒருவர், நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து சாவி கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொடுத்தேன். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டும் முன்பே வண்டி சிறு பாலத்தின் கலுங்குச் சுவரில் ஏறிவிட்டது. கிளீனர் பையனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. டிரைவர் குடித்திருந்ததால் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை. அது போகட்டும். அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்களுக்குத் தெரியாதுங்களா?" உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விட்டது என் தப்பு.

பிறகுதான் கணக்கைக் கற்றுக்கொண்டேன். விட்மார்க் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பல வருடங்களுக்கு முன்பே போட்டுவைத்த கணக்கு. குடித்த ஆல்கஹாலை கிராமில் எடுத்து, கிலோவில் உள்ள உடல் எடையை ஆணுக்கு 0.68-ஆலும் பெண்ணுக்கு 0.55-ஆலும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கினால் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று வரும். அதில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கழித்துக்கொண்டே வர வேண்டும். அன்றைக்கு அவர் குடித்தது ஒரு குவார்ட்டர் பிராந்தியும் ஒரு ஸ்ட்ராங் பீரும். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால், 650 மில்லி பீரில் 8 சதவீதம் என்றால் 41 கிராம். ஆள் 65 கிலோ. 100 மில்லி ரத்தத்துக்கு 230 மில்லிகிராம் வருகிறது. குடிக்கத் தொடங்கியதிலிருந்து 4 மணி வரை எட்டு மணி நேரம், அதற்கு 120 போனால் மீதி 110. சட்டம் அனுமதிப்பது 30. தூங்கி எழுந்து விபூதி பூசி வந்த மனிதரின் ரத்தத்தில் அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் இருந்திருக்கிறது. குளித்தாலும் பாலில்லாத கட்டங்காப்பி குடித்தாலும் மோரில் எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் இது வேகமாக இறங்காது. ஈரல் அதன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

முதலில் வாங்கியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிஷின், செமிகண்டக்டர் சென்சார். ஏழு மாதம் ஒழுங்காக இருந்தது. அப்புறம், குடியே பழக்கமில்லாத என் அண்ணன் ஊதினாலும் 0.2, அதாவது நம் கணக்கில் 20, காட்டியது. மார்ச் வெயிலில் டேஷ்போர்டில் கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்; பாலக்காட்டு வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு தொல்லை அதன் அளவு முறை. லிட்டருக்கு இத்தனை கிராம் என்று காட்டும். அதில் 0.3 என்று வந்தால் அதுதான் நம் சட்டத்தின் 30. வேறு மிஷின்களில் அதே அளவு 0.03 சதவீதம் என்று வரும். ஒரு புள்ளி இடம் மாறிப் படித்தால் எல்லாமே தப்பாகிவிடும். வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது இருப்பது ஃப்யூயல் செல் வகை. விலை ஏழு மடங்கு. மூச்சில் வரும் ஆல்கஹால் பிளாட்டினத் தகட்டில் பட்டு வினைபுரிந்து மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. தொழிலுக்கு வாங்குவதானால் இதை மட்டும் வாங்குங்கள் என்பேன். செலவு என்று பார்த்தால் ஆளுக்கொரு மவுத்பீஸ், அப்புறம் வருடம் ஒரு தடவை கேலிப்ரேஷன், அதாவது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவது.

இதுவும் ஏமாறும் இடங்கள் உண்டு. தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தைக் குடித்துவிட்டு உடனே ஊதினால் எண் எகிறும், ஏனென்றால் வாயிலேயே ஆல்கஹால் இருக்கிறது. 2025-ல் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசு பஸ்) டெப்போவில் பலாப்பழம் தின்ற டிரைவர்கள் ஊதலில் மாட்டிய செய்தி வந்தபோது நாங்களும் நன்றாகப் பழுத்த சுளையைத் தின்று பார்த்தோம். எண் வந்தது. வாய் கொப்பளித்து 20 நிமிடம் கழித்து ஊதினால் சுத்தமாக 0. அதனால் எங்களிடம் விதி இதுதான்: எண் வந்தால் யாரையும் திட்டுவதில்லை, 20 நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வோம். நேர்மையான ஆள் அவமானப்படக் கூடாது.

இதைவிட ஆபத்தானது குறைவாகக் காட்டுவது. என் மச்சான் வீட்டில் வைத்து ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, குடித்தார். கால் மணி நேரம் கழித்து வாய் கொப்பளித்து ஊதினால் 19. முக்கால் மணி நேரத்தில் 34. வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏற அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். மதுக்கடையை விட்டு இறங்கியதும் ஊதிப் பார்த்து "30-க்குக் கீழேதானே, போகலாம்" என்று வண்டியை எடுப்பவர் வழியில்தான் உச்சத்தைத் தொடுவார். மிஷினை 'போகாதே' என்று சொல்லத்தான் பயன்படுத்த வேண்டும். 'போகலாம்' என்று அனுமதி வாங்க ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளுக்கு இந்தக் கணக்கும் உதவாது. காலையில் இறக்கிய கள்ளும் சாயங்காலம் வரை புளித்த கள்ளும் ஒன்றில்லை. கோயம்புத்தூர், பொள்ளாச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து, "கள்ளுதானுங்களே" என்று இரண்டு மூன்று பாட்டில் குடித்துவிட்டு எல்லை தாண்டித் திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவனும் குடித்திருப்பான். அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு பனைமரம்.

எங்கள் வண்டிகளுக்கு வரம்பு 30 இல்லை, 0. ஸ்வீடனில் சட்டமே 20-தான். 20-லேயே, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது தடுமாறுகிறது. திருச்சூர் போகும் வழியில் குதிரான் சுரங்கப்பாதைக்குள் இருட்டில் முன்னால் போகும் லாரியையும் பக்கவாட்டுக் கண்ணாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமே. 80-ஐத் தொட்டால் மோதும் வாய்ப்பு குடிக்காதவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. அபராதம் 2019 செப்டம்பரிலிருந்து முதல் தடவைக்கே 10,000 ரூபாய், 6 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். ஆனால் அபராதத்தைச் சொல்லி எந்த டிரைவரும் மாறவில்லை. ஊதியதும் நாங்கள் எழுதிவைக்கும் நோட்டில் தன் எண்ணைத் தானே பார்த்த பிறகுதான் மாறினார்கள். "ராத்திரி ஒம்பதுக்கே நிறுத்திட்டேனுங்கண்ணா" என்றவருக்குக் காலையில் 38 வந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது லோடு இருக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி தொடுவதில்லை.

அந்த நோட்டை எழுதுவது கால் முறிந்த பையன்தான். இன்னும் லேசாக நொண்டுகிறான், வண்டியில் ஏறுவதில்லை. யார் எவ்வளவு சீனியராக இருந்தாலும் அவன் நீட்டினால் ஊதியாக வேண்டும், என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்த வாரம் மிஷின் கேலிப்ரேஷனுக்குப் போகிறது. போன தடவை திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை குடிப்பழக்கமே இல்லாத இரண்டு டிரைவர்களைத் தினக்கூலிக்குப் பேசி வைத்திருக்கிறேன். மூன்றாவது வண்டி ஷெட்டில் நிற்கும்.