ஐப்பசியில் அருவிக்குப் போவதென்றால்: காஞ்சிங்கா, சிலிங்கா, சுங்கை பீசாங்கா?

தீபாவளி லீவு நெருங்கினால் போதும், அக்கா பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள்: "மாமா, இந்தத் தடவை எந்த நீர்வீழ்ச்சி?" கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய காட்டுப் பாதைகளில் நான் திரும்பத் திரும்பப் போவது இந்த மூன்றுக்கும்தான். ஜூன், ஜூலையில் கேட்டால் என் பதில் சிலிங். அக்டோபர், நவம்பரில் கேட்டால் காஞ்சிங், யோசிக்கவே மாட்டேன்.

குளிர்நாடுகளில் இது இலையுதிர் காலம், மலையேற நல்ல பருவம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். நம்மிடம் இலை மொத்தமாகச் சிவந்து உதிர்வதைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி வாக்கில் பால்மரத் தோட்டத்துப் பக்கம், அதாவது ரப்பர் தோட்டத்துப் பக்கம், போக வேண்டும். ஐப்பசி நமக்கு மழைக்காலம். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வரும் நேரம் இது. காற்றில் வேகம் இருக்காது, காலையில் வெயில் சுள்ளென்று அடித்து நிலம் சூடாகும், மதியம் தாண்டியதும் தித்திவங்சா மலைத்தொடர் மேல் மேகம் திரண்டு மூன்று நாலு மணிக்கு இடியோடு கொட்டித் தீர்க்கும். இதில் மோசம் என்னவென்றால், நாம் குளிக்கிற இடத்தில் ஒரு சொட்டு விழாமலேயே மேலே மலையில் கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் மொத்தமாகத் திரண்டு இறங்குவதைத்தான் மலாயில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். அதனால் இந்த மாதங்களில் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: போகிற வழியில் ஆற்றை எத்தனை முறை கடக்க வேண்டும்?

சிலிங்கில் ஆறு முறை. கோல குபு பாருவைத் தாண்டி, சிலாங்கூர் அணையையும் தாண்டி, பிரேசர் மலைக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. மூன்றில் எது அழகு என்றால் இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் சரணாலயம் என்பதால் தூண்டில் போட முடியாது, அதனால் கெலா மீன்கள் பயமில்லாமல் காலடியிலேயே சுற்றும். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் செதிலைக்கூட எண்ணிவிடலாம் போலிருக்கும். பெரும்பாலும் வாரக் கடைசியிலும் பொது விடுமுறையிலும்தான் விடுவார்கள், மழை பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள், ஆகவே கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அங்கேதான் ஒரு நவம்பரில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். போகும்போது நாலாவதாகக் கடக்கும் இடத்தில் ஆற்றின் நடுவில் ஒரு பாறை, வெள்ளைக் கோடு போட்டதுபோல் இருக்கும், தண்ணீர் அதன் பாதி உயரத்துக்குத்தான் நின்றது. அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டுத் திரும்பினோம். தலைக்கு மேல் வெயில். ஆற்றில் இறங்கப் போன அக்கா மகன் "மாமா, இலையா வருது" என்றான். முதலில் காய்ந்த இலை, அப்புறம் குச்சி, அப்புறம் தண்ணீரே தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறத்துக்கு மாறிவிட்டது. பாறையின் வெள்ளைக் கோட்டைத் தேடினேன், பாறையையே காணோம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரைக்கு மேலே ஏறி உட்கார்ந்தோம், இரண்டு மணி நேரத்துக்கு மேல். மகள் அழுதாள். அன்றைக்குப் புரிந்தது, ஆறு முறை கடந்து உள்ளே போனால் ஆறு முறை கடந்துதான் வெளியே வர முடியும், நடுவில் ஆறு ஏறிவிட்டால் வேறு வழி கிடையாது. இலை, குச்சி, கலங்கல், தூரத்தில் லாரி வருவதுபோல் ஒரு இரைச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தண்ணீரை விட்டு வெளியேறி மேட்டுக்குப் போய்விடுங்கள், பையையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

அந்தப் பக்கத்து மக்களுக்குத் தண்ணீரின் வேகம் பழைய கதை. பழைய கோல குபு டவுன் 1883-இல் அணை உடைந்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது; பின்னாளில் மேட்டில் புதிதாக அமைத்த ஊர் என்பதால்தான் பெயரிலேயே "பாரு" ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுங்கை பீசாங் கோம்பாக்கில், கோலாலம்பூருக்கு ரொம்பப் பக்கம். பாதி வழி ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும், காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சுரங்கத்துக்குள் புகுந்து வர வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சுரங்கம் என்றால் உயிர். அதே சுரங்கத்தால்தான் மழை மாதங்களில் நான் வேண்டாம் என்கிறேன்: இரண்டு பக்கமும் சுவர், ஏறி நிற்க ஒரு கரை இல்லை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வறண்ட மாதத்தில் போங்கள்.

காஞ்சிங்கைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள், கூட்டம், குரங்கு, சிமெண்டுப் படி, இதெல்லாம் ஒரு காடா என்று. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பத்துமலையைத் தாண்டி, செலாயாங்கைத் தாண்டி, ராவாங் போகிற வழியில் ஏழு அடுக்காக இறங்கும் அருவி அது. கீழ் அடுக்குகளுக்குப் படி இருக்கிறது, அம்மா மாதிரி முட்டிவலிக்காரர்களும் மெதுவாக வந்து காலை நனைக்கலாம். மேல் அடுக்குகளுக்குப் போகும்போது படி முடிந்து வேரையும் பாறையையும் பிடித்து ஏறும் செங்குத்தான பாதை வரும், அங்கே கூட்டமும் குறைந்துவிடும், ஐந்தாவதுக்கு மேல் நம் மூச்சுச் சத்தம்தான் நமக்குக் கேட்கும். முக்கியமாக, ஆபத்து என்று தோன்றிய நிமிடமே ஆற்றைக் கடக்காமல் அப்படியே இறங்கி வந்துவிடலாம். எனக்கு இது போதும்.

இன்னொன்று. கியாம் காஞ்சிங் என்று ஒரு மரம், உலகத்திலேயே இந்தக் காட்டில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. 2017-இல் திறந்த ராவாங் பைபாஸ் அவ்வளவு உயரமான தூண்கள் மேல் போவதற்குக் கீழே இருக்கும் இந்தக் காடும் ஒரு காரணம். இப்படி ஒரு காட்டைப் பிளாஸ்டிக் பையும் நாசி லெமாக் பொட்டலத் தாளுமாகப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குரங்கு பையைப் பிடுங்குவதும் அந்தப் பொட்டல வாசனையால்தான். சாப்பாட்டைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள்.

மழைக்காலத்தில் காஞ்சிங்கிலும் ஏழாவது வரை போயே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி முழுக்கப் பெய்திருந்தால் நான் நாலாவதோடு திரும்பிவிடுவேன். நனைந்த மலைச்சரிவை நம்ப முடியாது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் சரிவு இறங்கி, முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேரைக் கொண்டுபோனதை நாம் எல்லாரும் பார்த்தோம். அதனால் இந்த மாதங்களில் ஆற்றங்கரையிலோ சரிவிலோ கூடாரம் போடும் பேச்சையே எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

காலுக்கு விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, எல்லாரும் அடிடாஸ் கம்போங் என்பார்களே, அதுதான் ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். என் தாத்தா தோட்டத்தில் போட்டதும் இதுதான், நான் போடுவதும் இதுதான். அட்டை ஏறாமல் இருக்க நீளக் காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிடுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் கிருமி அந்த வழியாகச் சுலபமாக உள்ளே போகும். போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அருவியில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வருடமும் எங்கள் கணக்கு இதுதான்: வீட்டிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் காஞ்சிங் வாசல், பதினொன்றரைக்கெல்லாம் தலை துவட்டிவிட்டுக் கீழே, திரும்பும் வழியில் பத்துமலையில் வாழையிலைச் சாப்பாடு.