போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்த் தேடல்: தாத்தாவின் திதி கிடைத்தது

இரண்டாம் உலகப் போரில் என் தாத்தா பர்மா சண்டைக்குப் போனபோது அப்பா கைக்குழந்தை. தாத்தா திரும்பி வரவில்லை. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு ஒரு தந்தி வந்ததாம். அதைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. 1987இல் கண்ணை மூடும்வரை பாட்டிக்கு ஒரே குறைதான்: "ஆம்பளப் புள்ளையப் பெத்தும் அவருக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமப் போச்சே." என்றைக்கு இறந்தார் என்று தெரியாததால் ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் பொதுவாகத் தர்ப்பணம் கொடுப்பதே அப்பாவின் வழக்கம். எண்பது வயது தாண்டிய பிறகும், "எங்கப்பன் செத்த நாளு எனக்குத் தெரியலையே" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிடும்.

அதனால்தான் தேட ஆரம்பித்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், போரில் இறந்தவர்களின் பெயரைத் தேடும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் எங்கள் மர்பி டவுனிலும் அல்சூரிலும் பட்டாளத்துத் தாத்தா இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. என்ஜிஈஎஃப் மின்சாதனத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்து அப்பா பெங்களூருக்கு வந்தபோது, இந்த ஊரைப் பார்த்துப் பாட்டி சொன்ன முதல் வார்த்தையே "இது உங்கப்பா இருந்த ஊருடா" என்பதுதானாம். பட்டாளத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. 1780இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய படை அது. அவர்களுக்குப் பட்டாளத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர்.

முதலில் தளத்தைப் பற்றி. ஆணையம் 1917இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் பதிவில் இருக்கின்றன. தேடுவதற்குக் காசு இல்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் இறந்தவர்கள் இந்தப் பதிவுக்குள் வருவார்கள். ஆகவே சண்டைக்குப் போய் உயிரோடு ஊர் திரும்பி, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்த தாத்தாவை இங்கே தேடிப் பயனில்லை. இரண்டாம் போரில் மட்டும் இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். இந்தப் பதிவில் இருப்பவர்கள் வீடு திரும்பாத சுமார் 87,000 பேர் மட்டுமே. திரும்பி வந்தவர்களுக்குப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். அதற்கும் பட்டாள நம்பர் தேவை.

அந்த நம்பர் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, அத்தனை வருஷமும் எங்களுக்குத் தெரியாமல். பாட்டி வைத்திருந்தவை மூன்று: உயரமான, மேலே தட்டையான தொப்பி மாதிரி ஒரு தலைப்பாகையோடு தாத்தா நிற்கும் போட்டோ, பர்மா ஸ்டார் என்ற ஆறு முனை நட்சத்திர மெடல், வெள்ளியாக மின்னும் வட்டமான ஒரு மெடல். அந்தத் தலைப்பாகைக்குத் துப்டா என்று பெயர், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கே உரியது. அதை வைத்தே அவர் எந்தப் படை என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் மெடல். இரண்டாம் போரின் மெடல்களைப் பிரிட்டிஷ் படைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் நம்பர், பெயர், பிரிவு மூன்றையும் பொறித்தார்கள். வட்ட மெடலில் விளிம்பைச் சுற்றியும், நட்சத்திரத்தில் பின்பக்கத்திலும் பாருங்கள். தயவுசெய்து அதைத் தேய்த்துவிடாதீர்கள். பாட்டி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் துலக்குவார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் மழுங்கியே போய்விட்டன. போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். ஓர் இலக்கம் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவே இல்லை.

சரி, பெயரை வைத்தே தேடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தத் தேடலே மூன்று சாயங்காலம் எடுத்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தேடல் பெட்டியோ குடும்பப் பெயர், முதல் பெயர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நம் ஆட்களின் ஒற்றைப் பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள்தான் பதிவாகியிருக்கிறது. முதல் பெயரைக் காலியாக விட்டுவிடுங்கள். அடுத்தது எழுத்து. கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தால், ஆங்கிலத்தில் நடுவில் டபிள்யூ உண்டா இல்லையா, கடைசியில் 'ஐ' எழுத்தா 'ஒய்' எழுத்தா, 'எஸ்' ஒன்றா இரண்டா என்று ஏழெட்டு வகை வரும். பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதுதான் கணக்கு. தாத்தாவின் பெயரைப் பதினோரு விதமாகப் போட்டுப் பார்த்தேன். கிடைத்தவர்கள் நிறையப் பேர், ஆனால் யார் நம் ஆள் என்று எப்படிச் சொல்வது?

நான் கண்டுபிடித்த வழி இது. விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்றொரு பெட்டி இருக்கிறது. இறந்தவர் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்ற விவரம் பலருக்கு அதில் இருக்கும். ஊர்ப் பெயரை அங்கே போடுங்கள், அதுவும் வெள்ளைக்காரர் காலத்து எழுத்தில். திருச்சியென்று போட்டால் வராது, டிரிச்சினாபோலி என்று போட வேண்டும். திருநெல்வேலி அங்கே டின்னவேலி, தஞ்சாவூர் டாஞ்சூர், செங்கல்பட்டு சிங்கில்புட். எங்கள் பக்கத்துக்கு வட ஆற்காடு. பெயர் பெட்டியைக் காலியாக விட்டு, இரண்டாம் போர், இந்தியப் படை, வட ஆற்காடு என்று போட்டுத் தேடிவிட்டு, வந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க மனசு கனத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ஆரணி, போளூர். எத்தனை முனுசாமிகள், எத்தனை பெருமாள்கள்!

மூன்றாம் நாள் இரவு அந்த வரி வந்தது. தாத்தாவின் பெயர், நாங்கள் யாரும் நினைக்காத எழுத்தில். அப்பன் பெயர் சரி. ஊர் சரி. நம்பரில் எனக்குக் கிடைத்த இலக்கங்கள் அத்தனையும் சரி. கடைசியில் 'இன்னாரின் கணவர்' என்று பாட்டியின் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. தன் பெயர் கடல் கடந்து ஒரு பதிவேட்டில் இருப்பது தெரியாமலே பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவை எழுப்பிக் காட்டினேன். அவர் லேப்டாப் திரையில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இறந்த நாள் 1945 மார்ச் மாதத்தில். அந்த வருஷம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிரிட்டிஷாரின் 14ஆம் படை ஐராவதி ஆற்றைக் கடந்தது. மார்ச் முழுக்க மெய்க்தீலாவிலும் மாண்டலேயிலும் சண்டை. ஆற்றைக் கடக்க மிதவை கட்டுவதும், கண்ணிவெடி எடுப்பதும், பாதை போடுவதும் சாப்பர்களின் வேலை. தாத்தா எந்த இடத்தில் விழுந்தார் என்று பதிவில் இல்லை. அதற்குப் படையின் போர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். பர்மா களத்து நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுப்பில் இருக்கின்றன. அது என் அடுத்த வேலை.

எங்களை உலுக்கியது நினைவிடத்தின் பெயர்தான். பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்கள் ரங்கூன் நினைவுத் தூண்களில் இருக்கிறார்கள், கிட்டத்தட்ட 27,000 பேர். தாத்தாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் பெயருக்கு நேரே இருந்தது தாவ்க்கியான் தகன நினைவிடம். யாங்கோனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் தாவ்க்கியான் போர்க் கல்லறைக்குள், தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கென்று தனியாக எழுப்பியது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. அதாவது, தாத்தாவின் உடல் காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. நெருப்புக் கிடைத்திருக்கிறது. நான் இதைப் படித்துச் சொன்னதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ யாரோ ஒருத்தன் வெச்சிருக்கான்" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

அந்தப் பக்கத்திலேயே ஒரு நினைவுச் சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலருக்குப் பழைய பதிவேட்டுத் தாள்களின் படமும் இருக்கும், அதையும் தவறாமல் பாருங்கள். தட்டச்சு செய்த அந்தத் தாளில் பேனாவால் திருத்திய இடங்கள்கூடத் தெரியும். பிழை இருந்தால் சான்றுகளோடு எழுதித் திருத்தம் கேட்க வழி உண்டு. பாட்டியின் பெயருக்காக அவருடைய பழைய ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அல்சூர் பஜாரில் சான்றிதழைப் பிரிண்ட் போடக் கொடுத்தபோது, கடைக்காரப் பையன் படித்துப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்றான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் பட்டாளமாம். தேடல் முகவரியை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் உலகப் போரில் தாத்தாவின் தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்த சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பாஸ்ரா நினைவிடத்தில் பொறிக்கவே இல்லை, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்க்கு வெறும் எண். இந்த அநீதியை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் கல்லில் இல்லையென்று தேடாமல் விட்டுவிடாதீர்கள், இணையப் பதிவில் அவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்தத் தளம் தெரியாதபோது, குடும்ப வரலாறு தேடித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டு பக்கம் அனுப்பினார். பத்துப் பக்கம் சாப்பர்ஸின் பொது வரலாறு. மீதி இரண்டு பக்கத்தில் இருந்தது அதே பெயருள்ள வேறொருவர், சேலத்துக்காரர். அப்பன் பெயரும் ஊரும் பொருந்தாமல் எவரையும் உங்கள் தாத்தாவாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தச் சேலத்துக்காரருக்கும் எங்கேயோ ஒரு பேத்தி காத்திருப்பாள்.

தேதியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஜோசியரிடம் போனோம். அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, தாரண வருஷம், பங்குனி மாதம், வளர்பிறை சப்தமி என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பங்குனி சப்தமிக்கு முதல் தடவையாகத் தாத்தாவுக்கு அவருடைய நாளிலேயே திதி கொடுத்தோம். வாழைக்காய், பூசணிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, பாயசம். படத்துக்கு முன்னால் நான் ஒரு தலைவாழை இலையைப் போட்டேன். அப்பா, பக்கத்தில் இன்னொன்று போடச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன்.

"கொள்ளி வெச்சவனுக்கு."