லேசர் தொப்பியும் ‘தோல் புரத’ சீரமும்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

என் வகிடு அகன்றுகொண்டே போவதற்குக் காரணம் மரபுவழி முடி உதிர்வுதான் என்று தோல் மருத்துவர் உறுதிசெய்த பிறகே, வீட்டில் அணியும் லேசர் தொப்பியையும் அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட ‘தோல் புரத’ சீரத்தையும் வாங்கினேன். தொப்பியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 நிமிடம் வீதம் ஆறு மாதம் அணிந்தேன். சீரத்தை இரவுதோறும் பூசி வந்தேன்; மூன்றாம் மாத முடிவில் அரிப்பு தொடங்கியதால் நிறுத்திவிட்டேன்.

தொப்பி தருவது 650 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள சிவப்பொளி. ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1960களில் எலிகளின் மழித்த தோலில் ரூபி லேசரைப் பாய்ச்சியபோது அங்கே முடி விரைவாக வளர்வதைக் கண்டதிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. மயிர்க்கால் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இவ்வொளியை உறிஞ்சி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அணியும்போது வலியோ சூடோ இல்லை. ஆனால் இரண்டாம் மாதம் முடி முன்பைவிட அதிகமாக உதிர்ந்தது; ஓய்வு நிலையிலிருந்த முடிகளைப் புதிய முடிகள் வெளியே தள்ளுவதால் அப்படி நேரலாம் என்று மருத்துவர் சொல்லியிராவிட்டால், அன்றே தொப்பியைக் கழற்றி வைத்திருப்பேன். நான்காம் மாதம் வகிட்டின் இருபுறமும் மெல்லிய குறுமுடிகள் தெரிந்தன. மாதந்தோறும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆறாம் மாதத்தில் வகிடு சற்றே குறுகியிருக்கிறது. நெற்றியோரத்தில் மாற்றமே இல்லை.

சீரத்தின் துண்டுப்பிரசுரம் டோக்கியோ ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் காட்டித் தனக்கு நியாயம் தேடுகிறது. எலிகளில் நடந்த அந்த ஆய்வு உண்மையானது, மிக முக்கியமானதும்கூட: மயிர்க்காலின் குருத்தணுக்களை (புதிய முடி உருவாகக் காரணமான மூலச் செல்களை) அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் 17ஆம் வகை கொலாஜன் என்ற புரதம் வயதாக ஆகச் சிதைவதால், அவ்வணுக்கள் இடம்பெயர்ந்து தோலோடு உதிர்ந்துபோக, மயிர்க்கால் சுருங்குகிறது. ஆனால் அந்தப் புரதம் வெளியிலிருந்து பூசி நிரப்பக்கூடியதன்று; செல்லே உற்பத்தி செய்து தன் சவ்வில் பதித்துக்கொள்வது. ஏறத்தாழ 500 டால்டனைவிட (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) பெரிய மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைக் கடப்பதே அரிது. கொலாஜனோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. பூசிய மறுநாள் முடி தடிப்பாகத் தோன்றியது, தலைக்குக் குளித்ததும் அது போய்விட்டது. முடி உதிர்ந்து மனம் நொந்திருப்பவர்களிடம் ஒரு நல்ல ஆய்வின் பெயரைச் சொல்லி இப்படி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய தொப்பிகளின் பெட்டியில் காணப்படும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2007இல் லேசர் சீப்பு ஒன்றுக்கு முதலில் கிடைத்த அந்த அனுமதி, ஏற்கெனவே விற்பனையிலுள்ள ஒரு கருவிக்கு இது இணையானது என்ற அளவிலானது; புதிய மருந்துக்குரிய ஒப்புதலைப் போன்றதன்று.

நான் தொப்பியைத் தொடர்கிறேன், நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்ல மறையும் என்பதை அறிந்தே. வட்டத் திட்டுகளாகவோ, திடீரெனக் கொத்துக் கொத்தாகவோ, தழும்போடோ முடி போகிறவர்கள் இதை வாங்கும் முன் மருத்துவரிடம் தலையைக் காட்டுங்கள். அவற்றின் காரணங்கள் வேறு, சிகிச்சையும் வேறு.