துருவ ஒளி: மூன்று நாள் கேபி கணிப்பா, எல்1 நேரடி அளவா?

சூளூர்பேட்டை, தடா பக்கம் துருவ ஒளியை (அரோரா, துருவப் பகுதி வானில் தெரியும் வண்ண ஒளி) எதிர்பார்க்க வேண்டாம். காந்த நடுக்கோடு நமக்கு அவ்வளவு அருகில். இந்தக் கணக்கு, நார்வேயின் டிராம்சோவுக்கோ லடாக்கின் ஹன்லேவுக்கோ கிளம்புவோருக்கு.

கேபி (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்பதற்கான 0 முதல் 9 வரையான எண்) கணிப்பு டிக்கெட் போட உதவும். டிராம்சோவுக்குக் கேபி 2, 3 போதும். ஹன்லேவுக்கு 8, 9 வேண்டும். 2024 மே 10 இரவு அங்கே சிவப்பு ஒளி பதிவானது ஜி5 (அளவுகோலின் உச்சம்) காந்தப் புயலில். ஆனால் கேபி மூன்று மணி நேரத்துக்கு ஒரே எண். அதைவிடப் பெரிய சிக்கல், சூரியப் புயல் சுமந்து வரும் காந்தப்புலம் எந்தத் திசை என்பது அது எல்1-ஐ (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே விண்கலங்கள் நின்று அளக்கும் இடம்) தொடும்வரை தெரியாது. தெற்கு நோக்கி இருந்தால்தான் ஒளி வலுக்கும். கேபி 7 என்று சொல்லி வானம் கருப்பாகவே கிடப்பது இதனால்தான்.

எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். (ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023-ல் போன ஆதித்யா விண்கலம் இருப்பதும் அங்கேதான்.) சூரியக்காற்று வினாடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேர அவகாசம், 800 என்றால் பாதி. பிஇசட் (அந்தக் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்கு அளவு; மைனஸ் என்றால் தெற்கு) மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே அரை மணி நேரம் நின்றால் வெளியே போங்கள். பிளஸ்ஸில் இருந்தால் காத்திருக்கலாம்.

ஹன்லேவில் வடக்கு அடிவானத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மங்கல்தான்; கேமராவில் 15 வினாடி வையுங்கள். மேகம் இருக்குமா என்பதைக் கேபி, எல்1 இரண்டுமே சொல்லாது.